கம்பளி ஒன்று போதாது

கேள்வி: டொக்டர், நான் மாத்தளை அலுவிகாரையில் இருக்கிறேன். கணவர் மூன்று வருடமாகக் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பக்கம் வேலை செய்கிறார். எனக்கும் ஆறு வயது மகனுக்கும் விசா கிடைத்துவிட்டது. மார்கழி நடுவில் பயணம். மாமியாருக்கு 67 வயது. சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறார், பிரஷரும் இருக்கிறது. அவரையும் பெற்றோருக்கான சூப்பர் விசாவில் எங்களோடு கூட்டிப் போகலாம் என்று கணவர் சொல்கிறார்.

நான் நுவரெலியாவில் ஓர் இரவு தங்கினாலே விறைத்துப் போகிறவள். ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வாசனைத் திரவியத் தோட்டத்தில் வேலை செய்யும் பெரியப்பா ஓர் எண்ணெய்ப் போத்தல் தந்து, இதைத் தேய்த்தால் குளிர் அண்டாது என்கிறார். கொழும்பில் தடித்த ஜக்கெற் வாங்கச் சொல்கிறார் ஒருவர். நம்ம உடம்புக்கு அந்தக் குளிர் ஒத்துவராது, போகாதே என்கிறார் இன்னொருவர். இரண்டு வருடத்துக்கு முன் அங்கே போன சித்தி மகள் போனில் பேசும்போதெல்லாம் உடம்பு முழுக்க உளைவு, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்கிறாள். அந்தக் குளிர் உண்மையில் பழகுமா? பயணத்தைச் சித்திரை வரை தள்ளிப் போடுவது நல்லதா?

பதில்: தங்கச்சி, ஜக்கெற்றையும் எண்ணெயையும் பிறகு பார்ப்போம். "நம்ம உடம்புக்கு ஒத்துவராது" என்ற பேச்சுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுப் பயந்தவர்கள் பலர் அங்கே போய் ஐந்து மாதம் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்துவிடுகிறார்கள். குளிரைவிட அந்த அடைப்புத்தான் அவர்களைக் கெடுக்கிறது.

நீங்கள் இருக்கும் ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் பக்கத்துச் சமவெளிகளிலிருந்து வந்த நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். அலுவிகாரை விகாரையைத் தொட்டுக்கொண்டு போகும் ஏ-9 வீதி ஏறத்தாழ அந்தத் தடம்தான். 2023இல், மலையகத் தமிழர் வந்த 200ஆம் ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அவர்கள் நடந்ததும் அந்த வழியைத்தான். வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்த அந்த மக்கள் மழையும் மூடுபனியும் நிறைந்த மலையில் ஏறிக் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்தார்கள். வழியிலும் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள்.

குளிர் கொன்றது என்று சொல்லி இதை முடித்துவிடுவது சுலபம். ஆனால் அவர்கள் மலைக்கு வந்து சேர்ந்ததே வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியுமாக. உடுத்திருந்தது சமவெளிக்கு ஏற்ற மெல்லிய துணி. அது நனைந்தால் மாற்றுத் துணி கிடையாது. படுத்தது ஒழுகும் லயத்தில், ஈரத் தரையில். குளிருக்கென்று கையில் கிடைத்தது ஒரு கம்பளி. அதன் விலையும் அவர்கள் கணக்கில் கடனாக எழுதப்பட்டது. சாவு அவ்வளவு மலிந்ததால்தான் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென்று 1872இல் அரசு ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அதே மக்களின் சந்ததி இன்றைக்கு நுவரெலியாவில் ஆறாயிரம் அடி உயரத்தில், புல்லில் உறைபனி படரும் தை மாதக் காலையில் கொழுந்து எடுக்கிறது. இடையில் அவர்கள் உடம்பு வேறு உடம்பாகிவிடவில்லை. ஆகவே உடம்பைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டு, உடுப்பு எப்படி, வீடு எப்படி, சாப்பாடு எப்படி, பக்கத்தில் பேச ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். குளிர் ஒருவரை என்ன செய்யும் என்பதை இந்த நான்கும்தான் தீர்மானிக்கின்றன.

பழகுமா என்று கேட்டீர்கள். கொஞ்சம் பழகும். தினமும் குளிரில் சிறிது நேரம் நடமாடினால், சில வாரங்களில் நடுக்கம் குறையும். முதல் நாள் தாங்க முடியாமல் இருந்தது பிறகு சாதாரணமாகத் தோன்றும். உடம்பு செய்துகொடுக்கக்கூடியது அவ்வளவுதான். தமிழர் உடம்பு மட்டுமல்ல, மனித உடம்பே வெப்ப நாட்டு உடம்புதான். வடதுருவப் பக்கத்து இனுவிட் மக்கள் கூட அங்கே வாழ்வது தோலாடையையும் வீட்டையும் கொண்டுதான். உங்களுக்கும் பெரும்பங்கு உடுத்தி வாழும் முறையில்தான் இருக்கிறது, அதை ஒரே குளிர்காலத்தில் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று. நுவரெலியாவில் ஓர் இரவுக்கே விறைத்துப் போகிறேன் என்கிறீர்கள். இரத்தச்சோகை இருக்கிறவர்களுக்கும் தைரொயிட் குறைவாகச் சுரக்கிறவர்களுக்கும் மற்றவர்களைவிடக் குளிர் அதிகம் தெரியும். நம் பெண்களிடம் இரண்டுமே சாதாரணம். போவதற்கு முன் மாத்தளையிலேயே இரண்டுக்கும் இரத்தம் சோதித்துப் பாருங்கள். குறை இருந்தால் மருந்து எடுத்துச் சரிப்படுத்திக்கொண்டு போகலாம்.

இனி உடுப்பு. ரொறன்ரோவில் தை மாதத்துச் சராசரி வெப்பநிலை மைனஸ் 4 பாகையை ஒட்டி இருக்கும். மைனஸ் 20க்குக் கீழே போகும் நாட்கள் சிலதான். காற்றும் சேரும்போதுதான் கடுமை. காற்றோடு சேர்த்து உணரும் குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையக்கூடும் என்று கனடாவின் சுற்றாடல் திணைக்களம் எச்சரிக்கிறது. வானொலியிலும் போனிலும் அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும், வெறும் வெப்பநிலையை அல்ல.

தடித்த ஜக்கெற் ஒன்றை வாங்கி மாட்டினால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சூடு தருவது துணியின் கனமல்ல, துணிகளுக்கு இடையில் சிக்கி நிற்கும் காற்று. தோலோடு ஒட்டி மெல்லிய தேர்மல் உடுப்பு, அதன் மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ், அதற்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத ஜக்கெற் என்று மூன்றாக உடுங்கள். உள்ளே போடுவது பருத்தியாக இருக்க வேண்டாம். பருத்தி வேர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடக்கும், பிறகு உங்கள் சூட்டையே உறிஞ்சும். நம் ஊருக்கு நல்ல துணி அந்த ஊருக்குக் கெட்ட துணி. சுடிதாரோ சேலையோ விட வேண்டியதில்லை. உள்ளே தேர்மல் போட்டுக்கொண்டு கோயிலுக்குச் சேலையில் போகிறவர்கள் ஸ்காபரோவில் நிறைய இருக்கிறார்கள். விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் சேர்ந்திருக்கும் கையுறை சூடு. சப்பாத்துக்குள் இரண்டு மூன்று காலுறை திணித்து இறுக்காதீர்கள். இறுக்கினால் இரத்தம் ஓடாது, கால் இன்னும் குளிரும். ஒரு சைஸ் பெரிய குளிர்காலச் சப்பாத்து, ஒரு கம்பளிக் காலுறை, போதும்.

இவை எதையும் கொழும்பில் வாங்க வேண்டாம். அங்கே கிடைப்பது பெரும்பாலும் நுவரெலியாவுக்குப் போதும், ரொறன்ரோவுக்குப் போதாது. உங்கள் அளவையும் மகனின் அளவையும் கணவருக்கு அனுப்புங்கள். அவர் வாங்கி விமான நிலையத்துக்கே கொண்டுவரட்டும். புதிதாக வாங்கக் காசு போதவில்லை என்றால் அங்கே பழைய உடுப்புக் கடைகளில் நல்ல ஜக்கெற் மலிவாகக் கிடைக்கும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டியது ஆளுக்கொரு ஸ்வெற்றரும் காலுறையும் மட்டும். அவற்றையும் பெரிய பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையில் வையுங்கள்.

பெரியப்பாவின் எண்ணெயைக் கொண்டு போங்கள். தோல் வறட்சிக்கு அது உதவும். தோலில் எரிவு தரும் சரக்குச் சேர்ந்த எண்ணெய் சூடு மாதிரித் தெரியுமே தவிர, உடம்பின் வெப்பத்தைக் காக்காது. இஞ்சித் தேத்தண்ணியும் மிளகு ரசமும் அப்படித்தான். குடிக்க இதம், குடியுங்கள், ஆனால் அவற்றை நம்பி ஜக்கெற் இல்லாமல் வெளியே போகக் கூடாது. கணவரின் நண்பர்கள் யாராவது பிராந்தி குடித்தால் குளிர் தெரியாது என்றால் அது உண்மைதான். தெரியாமல் போவதுதான் ஆபத்து. மது தோலுக்கு வரும் இரத்தக் குழாய்களை விரிக்கிறது, உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்விடுகிறது.

விரல், காது, மூக்கு நுனி மரத்துப் போனால் உடனே உள்ளே வந்துவிடுங்கள். வெள்ளைக்காரருக்குத் தோல் வெளிறும் என்று எழுதியிருப்பார்கள். நம் தோலில் அது சாம்பல் பூத்த மாதிரி, மெழுகு மாதிரித் தெரியும். தேய்க்கக் கூடாது. ஹீற்றருக்கு முன்னால் நீட்டக் கூடாது, மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. உடம்புச் சூட்டளவு வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, உணர்ச்சி திரும்பாவிட்டால் அல்லது கொப்புளம் போட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டுக்குள் குளிர் இராது, வறட்சி இருக்கும். வெளிக்காற்றில் ஈரம் குறைவு. அதை வீட்டுக்குள் இழுத்துச் சூடாக்கும்போது இன்னும் வறண்டுபோகிறது. மாத்தளையின் ஈரக் காற்றில் வளர்ந்த தோல் முதல் மாதத்திலேயே அரிக்கத் தொடங்கும், மூக்கில் இரத்தம் கூட வரலாம். பலர் இதை ஏதோ தோல் நோய் என்று பயந்து வருகிறார்கள். கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதை நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்து, துடைத்த கையோடு ஈரம் காயுமுன் எண்ணெயோ வாசலினோ தடவினால் பெரும்பாலும் அடங்கிவிடும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். கெட்டுப் போய்விட்டது என்று கொட்ட வேண்டாம், போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்தால் இளகும்.

வாடகை வீட்டில் சூடு போதவில்லை என்றால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். சூட்டை வீட்டுக்காரர் தருகிற இடங்களில், குளிர் மாதங்களில் வீட்டைக் குறைந்தது 21 பாகையில் வைத்திருக்க வேண்டும் என்பது ரொறன்ரோ நகரச் சட்டம். நிலவறை வாடகை வீடுகளில் நம்மவர்கள் இதைக் கேட்கவே தயங்குகிறார்கள். வீட்டுக்காரர் தெரிந்தவர், சொந்தக்காரர், எப்படிச் சொல்வது என்று பிள்ளைகளோடு விறைத்துக் கிடக்கிறார்கள். முதலில் மரியாதையாகக் கேளுங்கள். கேட்டும் நடக்கவில்லை என்றால் 311 இலக்கத்துக்கு அழைத்து நகரசபையிடம் முறையிடலாம். லயத்தில் ஒழுகிய கூரைக்கு யாரிடமும் முறையிட முடியாமல் போனவர்களின் பிள்ளைகள் நாம், கேட்க உரிமை இருக்கும் இடத்தில் வாய் மூடி இருக்க வேண்டாம். இன்னொன்றும் கவனியுங்கள். குளிர் காயவோ சாம்பிராணி போடவோ பூட்டிய வீட்டுக்குள் கரி மூட்டக் கூடாது. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும். அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் வீட்டில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

இனி உங்கள் சித்தி மகள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது அவர்தான்.

மாத்தளையில் வருடம் முழுக்கப் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். ரொறன்ரோவில் மார்கழி 21ஆம் திகதியை ஒட்டிப் பகல் 9 மணி நேரம் கூட முழுதாக இராது, பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். வெயில் அடிக்கும் நாளிலும் அது சாய்ந்த வெயில். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் கார்த்திகை முதல் மாசி வரை சூரிய ஒளியால் தோலில் விற்றமின் டி உண்டாகவில்லை என்று 1988இல் ஓர் ஆய்வு காட்டியது. ரொறன்ரோ அதற்கும் வடக்கே இருக்கிறது. கறுத்த தோலுக்கு வெயில் இன்னும் கூடுதலாக வேண்டும். நமக்கு மிகப் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு: கண்டியில் வாழும் இலங்கையரையும் நோர்வேயின் ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டு 2008இல் வெளிவந்த ஆய்வில், ஒஸ்லோவில் இருப்பவர்களின் இரத்தத்தில் விற்றமின் டி கண்டிக்காரரைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. விற்றமின் டி நன்றாகக் குறைந்தால் எலும்பும் தசையும் உளையும். எனவே சித்தி மகள் முதலில் விற்றமின் டி, இரும்புச் சத்து, தைரொயிட் மூன்றையும் சோதிக்கட்டும். நீங்களும் போன நாளிலிருந்து தினமும் 600 அலகு விற்றமின் டி எடுங்கள். உங்கள் மகனுக்கும் அந்த அளவுதான் பரிந்துரை. கனடாவில் பாலிலும் விற்றமின் டி சேர்த்திருப்பார்கள், அவன் பால் குடிப்பதும் நல்லது.

சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால்? அப்போதும் அந்த உளைவு பொய்யல்ல. நோர்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் என்று ஒரு பகுதி. மாரியில் வாரக்கணக்கில் சூரியனே எழாத இடம். அங்கே மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்யப் போன ஈழத் தமிழர்களோடு தங்கி, ஆன் சிக்ஃபிரிட் குரோன்செத் என்ற மானிடவியலாளர் ஆய்வு செய்தார். தமிழர்கள் மறுபடி மறுபடி டொக்டரிடம் போனார்கள். தலைவலி, கை கால் உளைவு, ஓயாத களைப்பு. டொக்டர்களுக்குப் பெயர் சொல்லக்கூடிய நோய் எதுவும் பிடிபடவில்லை. குரோன்செத் அந்தத் தமிழர்களின் வாழ்க்கையைப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. வேலை இருந்தது, வீடு இருந்தது, சூடு இருந்தது. ஆனால் கோயில் இல்லை, சடங்கு இல்லை, வாசலில் நின்று விசாரிக்கிற அயல் இல்லை. தன்னை இன்னார் என்று அறிந்து முகம் பார்த்துப் பேசும் ஆட்கள் இல்லாத இடத்தில் அந்த இழப்பை உடம்பு வலியாகச் சொன்னது. அவர்களில் பலர் பிறகு ஒஸ்லோவுக்கு, தமிழர் கூடி வாழும் இடத்துக்குப் பெயர்ந்துவிட்டார்கள். நான் இதை முழுதாக நம்புகிறேன். என்னிடம் வரும் தாய்மார் பலரின் வலியை மாத்திரை மட்டும் தீர்ப்பதில்லை.

ஒளி குறைந்த மாதங்களில் வரும் மனச்சோர்வுக்குத் தனியாக வைத்தியமும் இருக்கிறது. 1984இல் மருத்துவர்கள் இதைத் தனி வகையாக விவரித்தார்கள். காலையில் அரை மணி நேரம் பத்தாயிரம் லக்ஸ் ஒளி தரும் விளக்கின் முன் இருப்பது பலருக்கு உதவுகிறது. ஆனால் காரணமில்லாத அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், விளக்கு வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. குடும்ப டொக்டரிடம் போகச் சொல்லுங்கள். ரொறன்ரோவில் தமிழ் பேசும் டொக்டர்கள் இருக்கிறார்கள், மொழி ஒரு தடையாக இராது. இன்றைக்கே சித்தி மகளுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு நிபந்தனை போடுகிறேன். போய் இறங்கிய மறுநாளிலிருந்து தினமும் பகல் வெளிச்சத்தில் இருபது நிமிடமாவது வெளியே நடவுங்கள். கணவர் வேலைக்குப் போய்விடுவார், மகன் பள்ளிக்கூடம் போய்விடுவான், இருவரும் திரும்பும்போது இருட்டிவிடும். இடையில் உள்ள அந்த வெளிச்சம் உங்களுடையது, அதைச் சமையலறையில் தொலைக்காதீர்கள். புதிதாக வந்த நிரந்தர வதிவாளருக்கு இலவச ஆங்கில வகுப்பு உண்டு, முதல் மாதத்திலேயே சேருங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும் நூலகத்துக்குப் போங்கள், தமிழ்ப் புத்தகமும் கிடைக்கும். தை மாதத்தைக் கனடா தமிழ் மரபுத் திங்களாகக் கொண்டாடுகிறது. பொங்கல் விழாக்கள் இருக்கும், போய்வாருங்கள். ஐஸ் படிந்த நடைபாதையில் மட்டும் பாதத்தை முழுதாக ஊன்றி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். முதல் வருடம் நம்மவர்களின் மணிக்கட்டு முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

மகனைப் பற்றிக் கவலை வேண்டாம், உங்களைவிடச் சீக்கிரம் பழகுவான். கடுங்குளிர் நாளைத் தவிர மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வெளியே விளையாட விடுவார்கள். தடிமன் வரும் என்று சொல்லித் தடுக்காதீர்கள். தடிமன் வருவது வைரசால், குளிர்காற்றால் அல்ல. வீட்டில் எல்லோரும் ஃபுளூ ஊசி போடுங்கள், ஒன்ராறியோவில் அது இலவசம். கழுத்தில் நீளத் துண்டு கட்டி அனுப்பாதீர்கள், விளையாடும் இடத்தில் எங்காவது சிக்கினால் கழுத்தை இறுக்கும். தலை வழியே மாட்டும் கழுத்துறை போதும். காரில் அவன் இருக்கைப் பட்டி போடும்போது தடித்த ஜக்கெற்றைக் கழற்றிவிடுங்கள். ஜக்கெற்றின் மேல் போட்ட பட்டி இறுக்கமாகத் தெரியும், மோதல் நடந்தால் ஜக்கெற் அமுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். பட்டி போட்ட பிறகு ஜக்கெற்றை மேலே போர்த்தலாம்.

பயணத்தை நீங்களும் மகனும் தள்ளிப் போட வேண்டாம். தகப்பனைப் பிரிந்து மூன்று வருடம் போதும். நீங்கள் இறங்கும் நேரத்தில்தான் பகல் மறுபடி நீளத் தொடங்குகிறது. மகனும் தையில் பள்ளிக்கூடம் தொடங்கலாம்.

மாமியாரை மட்டும் வைகாசியில் கூப்பிடுங்கள் என்பது என் முடிவு. குளிரில் இரத்தக் குழாய் சுருங்கிப் பிரஷர் ஏறும். சீனி வருத்தத்தில் பாத உணர்ச்சி குறைந்திருந்தால் குளிரில் தோல் உறைந்ததும் தெரியாது, சுடுதண்ணீர்ப் பை சுட்டதும் தெரியாது. வைகாசியில் வந்தால் வீதியும் கடையும் கோயிலும் பழகி, நாலு பேரைத் தெரிந்துகொண்ட பிறகு குளிரைச் சந்திப்பார். சூப்பர் விசாவுக்கு ஒரு லட்சம் டொலர் மருத்துவக் காப்புறுதி வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு அது பணம் தருமா என்று கணவர் ஒவ்வொரு வரியாக வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். மாமியார் புறப்படுமுன் கண்ணையும் பாதத்தையும் சிறுநீரகத்தையும் சோதித்து, மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய கடிதம் ஒன்றை டொக்டரிடம் ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ளட்டும். இன்சுலினை விமானத்தில் கைப்பையிலேயே கொண்டுவர வேண்டும். அங்கே குளிர்காலத்தில் காரில் விட்டுவிட்டு வரக் கூடாது. ஒரு தடவை உறைந்த இன்சுலின் இளகினாலும் பயன்படாது, எறிந்துவிட வேண்டியதுதான்.